சத்தம் போடாத வண்டிக்கு ஒரு வாழ்த்துரை

சிந்தனையால் சிறந்து, சிக்கனத்தால் உயர்ந்து, இந்தச் சீர்மிகு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆலை மேலாளர் அவர்களே! அவருக்கு வலப்புறம் அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று கைக்கடிகாரத்தைக் கனிவோடு நோக்கும் விற்பனைத் துறைப் பெருமகனாரே! வெல்டிங் பொறியில் வெந்தும் வாடாத என் வீரத் தோழர்களே! நாற்காலி போட்டும் நின்றுகொண்டே கேட்கும் பெயின்ட் பிரிவுப் பெரியோர்களே! வீட்டையும் எங்களையும் ஒருசேரக் கட்டி மேய்க்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு கனிந்த வணக்கம்.

வாழ்த்துரை வழங்க வந்திருக்கிறேன். மேலாளர் அவர்கள் காலையிலேயே கூப்பிட்டு, "சங்கத் தலைவரே, வாழ்த்து மட்டும்தான். கோரிக்கை கீரிக்கைன்னு ஆரம்பிச்சிடாதீங்க" என்றார். வாழ்த்துவதில் எனக்கு ஈடு இணை கிடையாது என்று அவருக்கு உறுதி கூறிவிட்டுத்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

அதோ, ரிப்பன் கட்டி நிற்கிறதே, அது யார்? பெட்ரோலைக் குடம் குடமாகக் குடித்த பரம்பரையில் பிறந்து, அளவோடு குடிக்கக் கற்றுக்கொண்ட முதல் பிள்ளை! பாதி எஞ்சின், பாதி மின்மோட்டார். ஹைபிரிட் என்கிறார்கள். மெல்லப் போனால் மோட்டார் உழைக்கும். மேடு வந்தால் எஞ்சின் எழுந்து வரும். பிரேக் போட்டால் வீணாய்ப் போகிற விசையையும் பேட்டரியில் சேர்த்து வைக்கும். ஒருவர் உழைக்க, ஒருவர் ஓய்வெடுக்கும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடிக்க எதற்கு இத்தனை பொறியாளர்கள்? என் வீட்டுக்கு வந்து பார்த்திருக்கலாமே! தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். நடுவில் ஒரே ஒரு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் என் மனைவி. காரணம் இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

இதுவரை நாம் செய்த வண்டிகள் எப்படிப்பட்டவை? கிளம்பினால் தெரு கேட்கும், திரும்பினால் ஊர் கேட்கும்! அதனால்தானே நம் ஆலையில் கேட்பு அறை என்று ஒன்று இருக்கிறது? விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். வரிசையின் கடைசியில் கதவடைத்த ஓர் அறை. செய்து முடித்த ஒவ்வொரு வண்டியையும் அங்கே கிளப்பி, பானெட்டில் காதை வைத்துக் கேட்போம். சத்தம் சரி என்றால் பச்சை அட்டை. சரியில்லை என்றால் சிவப்பு அட்டை. உள்ளே பேசக் கூடாது, தும்மக் கூடாது. நான் அந்த அறைக்காரன். என் மனைவியின் தம்பியும் அங்கேதான். ஆலையே அவரைக் 'காது' என்றுதான் கூப்பிடும்.

முதல் ஹைபிரிட் வந்தது. மைத்துனர் பொத்தானை அழுத்தினார், காதை வைத்தார். நிசப்தம். மறுபடி அழுத்தினார். நிசப்தம். "வண்டி கிளம்பல" என்று சிவப்பு அட்டை ஒட்டினார். அடுத்த வண்டிக்கும் சிவப்பு. பழுது பார்ப்பவர்கள் பிரித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் விடுவோமா? மறுபடியும் சிவப்பு! மாலைக்குள் சிவப்பு அட்டை வண்டிகள் வாசல்வரை வந்துவிட்டன. மேலாளர் ஓடி வந்தார்.

"என்னய்யா இது? வண்டி ஆன்லதான்யா இருக்கு!"

"ஆன்ல இருந்தா சத்தம் எங்க சார்?" என்றேன் நான்.

"தேவைப்பட்டாத்தான் எஞ்சின் ஓடும்."

"இதையேதான் சார் லீவு நாள்ல நான் வீட்ல சொல்றேன். யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

நம்பிக்கை ஊட்டுவதற்காக மேலாளர் தாமே ஏறி உட்கார்ந்து மிதித்தார். வண்டி பூனை போல் நகர்ந்தது. எதிரே கதவு மூடியிருந்தது. வண்டி மோதி, கதவு படார் என்று விழுந்தது. "இப்ப கேட்டுச்சு சார்" என்று சொல்லி, மைத்துனர் பச்சை அட்டையை எடுத்து ஒட்டினார்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். மேலாளர் அவர்களும் சிரிக்கிறார். பெரிய மனது.

ஆனால் தோழர்களே, இந்த வண்டிக்கு எங்கள் காது தேவையில்லை. மறுநாளே ஒரு பெட்டி வந்தது. ஒயரைச் சொருகினால் நிறை குறை எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும். அந்த வாரமே அறிவிப்பும் வந்தது: கேட்பு அறை மூடப்படும், அறையினர் விடுவிக்கப்படுவார்கள். விடுவிக்க நாங்கள் என்ன கூண்டுக் கிளியா? அன்று என் மனைவி, "ஊர் நியாயமெல்லாம் மேடையில பேசறீங்க. என் தம்பிக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. முதல்ல அவனுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றாள். அன்றிலிருந்து அவள் சிரிக்கவில்லை.

அதற்காக ஹைபிரிட் ஒழிக என்று கொடி பிடிப்பேனா? மாட்டேன்! வண்டி வாங்க வருகிறவர் முதலில் என்ன கேட்கிறார்? நிறத்தையா? நீளத்தையா? "மைலேஜ் எவ்வளவு?" என்றல்லவா கேட்கிறார்! காலத்தோடு கலக்காத ஆலை கதவடைக்கும். ஆலை போனபின் அறை ஏது? ஆகவே வண்டி மாறட்டும்! வரிசை மாறட்டும்! ஆனால் ஒன்று கேட்கிறேன். பழைய எஞ்சினைத் தூக்கி எறிந்தீர்களா? இல்லையே! பக்கத்தில் மோட்டாரை உட்கார வைத்து, புது வேலை பழக்கினீர்களே! இரும்புக்குக் காட்டிய இரக்கத்தை இரத்தத்துக்குக் காட்டக் கூடாதா? எந்திரம் இரண்டு தொழில் கற்கலாம், மனிதன் கற்கக் கூடாதா?

மேலாளர் அவர்கள் என்னைப் பார்க்கிறார். ஐயா, இது கோரிக்கை இல்லை, வாழ்த்துதான். 'கேட்பு அறையினர் ஒருவரையும் அனுப்பாமல், பேட்டரிப் பிரிவில் பயிற்சியும் இடமும் கொடுத்த மேலாளர் வாழ்க' என்று வாழ்த்த ஆசைப்படுகிறேன். வாழ்த்தலாமா?

தலையாட்டுகிறார். தலையாட்டினால் கடைசி வரிசைக்குத் தெரியாதே ஐயா! இதோ மைக், வாயால் சொல்லுங்கள்.

என்ன சொன்னார், கேட்டீர்களா? "ஒருத்தரையும் அனுப்பல. எல்லாருக்கும் பயிற்சி உண்டு." தட்டுங்கள் தோழர்களே! கை சிவக்கத் தட்டுங்கள், அவர் மனம் மாறுவதற்குள்!

அங்கே தூணோரம் யார் எழுந்திருப்பது? என் மைத்துனர். என்ன மாப்ள, சத்தமாச் சொல்லு. "இந்த வயசுல பெஞ்சுல போய் உட்காரணுமா மாமா? எனக்குப் படிப்பு வராதே."

எனக்கு மட்டும் வருமா மாப்ள? ஒயரைப் பார்த்தாலே ஒதுங்கிப் போகிற ஆள் நான். ஐயா, பயிற்சிக்கு முதல் ஆளாக என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைவன் என்று சலுகை வேண்டாம். மாப்ள, உன் பக்கத்துலயே நான் உட்கார்றேன். நல்லாப் படி. உன்னைப் பார்த்துத்தான் நான் எழுதணும்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், பொறுத்துக்கொண்ட மேலாளர் அவர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.