பிஞ்சு நெஞ்சுகளின் சளி இளக்கிய மொடெஸ்டா அம்மையாருக்கு

மூச்சுக்குத் தவித்த மழலையரின் முதுகில் முப்பத்தோராண்டு கைகுவித்துத் தட்டிய கருணைக் கரத்தினரே! குழந்தைகள் பிரிவின் மூச்சுப் பயிற்சியறைக்கு முதல் ஊழியராக வந்து, கடைசி ஊழியராகவும் விடைபெறும் மொடெஸ்டா கச்சிங்வே அம்மையீர்! தியோலோ மலைச்சரிவின் இச்சிறு மருத்துவமனை ஊழியர்களாகிய நாங்கள், வாழ்த்தி விடைகொடுக்க வந்து நிற்கிறோம்.

ஜூன் மாதத்துச் சிப்பெரோனிக் குளிர்காற்றின் தூறலும் கரியடுப்புப் புகையும் கைகோத்துக்கொண்டால் பிள்ளைகளின் நெஞ்சு கர் கர் என்று இழுக்கத் தொடங்கும். போன மாதம் தேறிப்போன குழந்தையே இந்த மாதமும் வரும். நீங்கள் சலித்ததில்லை. மடியில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்த்தி, இளகிய சளி வெளிவரும்வரை தட்டுவீர்கள். "கஞ்சி குடுத்துட்டுத்தானே தூக்கிட்டு வந்தே? மூஞ்சியே சொல்லுது. போ, ஒரு மணி நேரம் வெளியில உக்காரு. வயிறு நிறைஞ்சிருக்கையில தட்டினா கக்கிடும், நேத்தே நான் ரெண்டு தடவ துணி மாத்தியாச்சு" என்று நீங்கள் கடிந்துகொண்டால், பத்து மைல் நடந்து வந்த தாயும் சிரித்துவிடுவாள்.

வீட்டிலேயே தட்டத் தாய்மாருக்கும் கற்றுக்கொடுத்தீர்கள், பலிக்கவில்லை. இரண்டு வயது லிம்பனியின் தாய், எட்டினாலா என்பவள், தன் வீட்டில் தட்டியதைச் சுவருக்கப்பாலிருந்து கேட்ட நாத்தனார், "சீக்காளிப் பிள்ளைய அடிக்கிறா பாவி" என்று ஊர்த்தலைவர் முன் அவளை நிறுத்திவிட்டாள். நீங்களே அங்கு போய்த் தலைவரின் முதுகிலேயே தட்டிக் காட்டினீர்கள். "வலிக்கல தாயி. ஆனா வீட்டுல வேணாம், கேக்குறவங்க தப்பா பேசுவாங்க. ஆஸ்பத்திரியிலயே வச்சுக்குங்க" என்றார் அவர். அதன்பின் சுற்று வட்டாரத்தில் எந்தத் தாயும் துணியவில்லை. அத்தனை பிள்ளைகளும் உங்கள் இரண்டு கைகளையே நம்பி வந்தார்கள்.

அந்தக் கைகள் ஓய்வது நியாயந்தான். மணிக்கட்டு வீங்கி நீங்கள் பேனா பிடிக்கவே திணறியதை நாங்கள் பார்த்தோம். செவிலி ஃபானிக்கு இந்த வேலையைப் பழக்கினீர்கள்; அவர் கை பழகிய வாரமே வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். உங்கள் இடத்துக்கு இனி ஆளில்லை என்று மேலிடம் எழுதிவிட்டது. மன்றாடிப் பார்த்தோம், நடக்கவில்லை. உங்கள் அறையில் மருந்துப் பெட்டிகளை அடுக்கப்போகிறார்கள். இதையெல்லாம் பாராட்டு மடலில் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் மனசு ஆறாது.

நாளைக் காலைப் பேருந்தில் ஏரிக்கரைச் சொந்த ஊரான கரோங்காவுக்குப் புறப்படும் தாங்கள், வலி நீங்கி, உறவு சூழ, ஏரிக்காற்று வாங்கி நெடுங்காலம் நலமே வாழ நெஞ்சார வேண்டுகிறோம். ஒன்றுக்கு மட்டும் மன்னியுங்கள். இன்று காலை லிம்பனிக்குத் தட்டி முடித்து நீங்கள் கை கழுவப் போனபோது, எட்டினாலா எங்களிடம், "திங்கக்கிழமையும் இதே நேரம்தானே?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

திங்கட்கிழமை அவளுக்குப் பதில் சொல்ல வேண்டிய,
உங்கள் சக ஊழியர்கள்,
குழந்தைகள் பிரிவு.