யாரையும் கட்டாத வார்டு

மாத்தேவுக்குத் தண்ணீர் கொதிக்கக் கூடாது மேடம். உங்கள் உதவியாளர் நேற்றும் தளதளவென்று கொதிக்கவிட்டுத்தான் கொண்டுவந்தார். அந்தச் சூடு பட்டால் குடுக்கையில் இருக்கும் மாத்தே இலை வெந்துவிடும், இரண்டாவது ஊற்றிலேயே சப்பென்று போய்விடும். கெட்டில் முணுமுணுக்க ஆரம்பிக்கும்போதே இறக்கிவிட வேண்டும். குறை சொல்வதாக நினைக்காதீர்கள். ஆயுள் முழுக்கப் பிறருக்கு ஊற்றிக் கொடுத்துப் பழகிய கை இது, பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

நான் சொல்ல வேண்டியதும் மாத்தேவைப் பற்றித்தான். ஆனால் அதற்கு முன்னால் பட்டைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நான் மனநல மருத்துவமனையில் நர்சாகச் சேர்ந்த வருடம், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், பெண்கள் வார்டில் ஒரு அம்மாளைக் கட்டிலோடு தோல் பட்டைகளால் கட்டிப் போட்டிருந்தார்கள். தண்ணீர் கேட்டாள். பெரிய நர்ஸ், "அவுக்காத நிபியா, நடிக்கிறா" என்றார். நான் அவிழ்க்கவில்லை. வெளியே ஊரே வெடி வெடித்துக்கொண்டிருந்தது. சத்தம் ஓய்ந்தபோது அவளும் ஓய்ந்திருந்தாள். அன்றைக்கே அந்தப் பட்டைகளை வெறுத்தேன். அந்த வெறுப்பு உண்மையானது. இங்கே நான் சொல்லும் எதை நம்பாவிட்டாலும் அதை நம்புங்கள்.

அதனால்தான், வெகு காலம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை வந்து, யாரையும் கட்டாமல் ஒரு வார்டை நடத்த முடியுமா என்று ஆராய்ச்சி செய்யப்போகிறோம், நர்சுகள்தான் அதை நடத்த வேண்டும் என்று சொன்னபோது, முதலில் கை தூக்கியது நான். இப்போது உலகம் முழுக்க இதைத்தான் ஆராய்கிறார்களாம். நோயாளி கொந்தளிக்கத் தொடங்கும் முதல் சில நிமிடங்களில் நர்ஸ் என்ன செய்கிறாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறதாம். எனக்கு அதைச் சொல்லித்தர ஆள் வேண்டியதில்லை. என் யோசனை எளிமையானது. ஒருவருக்குக் கொந்தளிப்பு வந்தால் அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்வது. சுரைக்குடுக்கையில் இலையைப் போட்டு, குழலைச் செருகி, மாத்தே சுற்றைத் தொடங்குவது. பேச வேண்டும் என்று கட்டாயமில்லை. இந்த நாட்டில் ஒரே குழலில் வாய் வைத்துக் குடித்தவர்கள் அவ்வளவு சுலபத்தில் அடித்துக்கொள்ள மாட்டார்கள். பேராசிரியைக்கு யோசனை பிடித்துவிட்டது. எங்கள் ஆண்கள் வார்டில் மாத்தே, பக்கத்து வார்டில் வழக்கம்போல். ஒரு வருடம் கழித்து ஒப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவானது.

ஆரம்பமே சரியில்லை. ஒருவன் நாற்காலியைத் தூக்கி என் தோழி சுல்மாவின் தோளில் அடித்தான். இரவுப் பணியாட்கள் அவனைக் கட்டிவிட்டார்கள். காலையில் வந்து பார்த்தேன், மணிக்கட்டெல்லாம் சிவந்து கிடந்தான். மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பேராசிரியை உள்ளே வந்து என் தோளைத் தட்டினார். "வேலை செய்யலேன்னா செய்யலேன்னு எழுதுவோம் நிபியா. அதுவும் ஒரு முடிவுதானே?"

அவருக்கு அது ஒரு முடிவு. எனக்கு அது கட்டிலில் கிடக்கும் ஒரு மனிதன். அந்த அறையில், என் கைக்கெட்டும் உயரத்தில், தூக்கச் சொட்டு மருந்துப் புட்டிகள் வரிசையாக இருந்தன. நிறமில்லை, வாசனையில்லை. லேசாகக் கசக்கும், சர்க்கரை போட்டால் அதுவும் தெரியாது.

அடுத்த வாரத்திலிருந்து இரண்டு பிளாஸ்க் கொண்டுவந்தேன். பச்சையில் வெறும் வெந்நீர். சிவப்பில் சர்க்கரை போட்டது. எனக்குச் சர்க்கரை நோய் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். ஊற்றிக் கொடுப்பவர்தான் முதல் ஊற்றைக் குடிக்க வேண்டும், அது எங்கள் வழக்கம். முதல் ஊற்று கசக்கும், அதைப் பிறர் தலையில் கட்டுவது மரியாதையில்லை. நான் எல்லோர் கண்ணெதிரிலும் பச்சையிலிருந்து ஊற்றிக் குடித்துவிட்டு, பிறகு சிவப்பிலிருந்து அவர்களுக்கு ஊற்றினேன்.

வார்டு அமைதியானது. பட்டைகள் பரணுக்குப் போயின. நோயாளிகள் ஓரிருவர் நடக்கும்போது தடுமாறி விழுந்தார்கள், வயதைக் காரணமாகச் சொன்னோம். சிலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பார்க்க வந்தார்கள். சுல்மா எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்வாள். "அடியே, அந்தக் குடுக்கைக்குள்ள என்னதான் மந்திரம் வெச்சிருக்க? என் புருஷனுக்கும் ஒரு வாய் குடுத்தனுப்பேன், வீட்டுல நிம்மதியா இருப்பேன்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இனி அனிபால். நீங்கள் காத்துக்கொண்டிருப்பது அவருக்காகத்தான், தெரியும்.

அனிபால் லாரி ஓட்டியவர். தன் மச்சான் தனக்கு விஷம் வைக்கிறான் என்று நம்பத் தொடங்கி எங்களிடம் வந்து சேர்ந்தார். பிறகு மச்சான் செத்தே போனான், நம்பிக்கை மட்டும் சாகவில்லை. தோல் உள்ளதைத்தான் தின்பார். ஓட்டோடு அவித்த முட்டை, வாழைப்பழம், அப்புறம் மான்டரின் ஆரஞ்சு. சால்தோ ஊரில் இருக்கும் அக்கா எலிதா பை நிறையக் கொண்டுவருவாள். மற்றபடி யார் எது கொடுத்தாலும் வாயை இறுக்கிக்கொள்வார். என் கையால் மட்டும் மாத்தே குடித்தார். "நர்ஸம்மா முதல்ல தான் குடிச்சுட்டுதான் குடுக்கறாங்க. என் சொந்தக்காரன் ஒருத்தனுக்காச்சும் அந்தத் துணிச்சல் இருந்துச்சா?" என்பார். இத்தனை வருட வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. பேராசிரியை அதைக் கட்டுரையில் போட்டார்.

எலிதா வீட்டில் ஓர் அறை காலி செய்து வெள்ளையடித்திருந்தாள். தம்பியை வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. ஜன்னலைத் திறந்தால் மான்டரின் தோப்பு என்று அனிபால் வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். டாக்டர் அனுப்பத் தயாராகத்தான் இருந்தார். சுற்றில் ஒழுங்காக உட்கார்கிறார், சந்தேகம் குறைந்திருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

குளிர்காலம் தொடங்கும் சமயத்தில் ஒரு நாள், குடுக்கையைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "நர்ஸம்மா, நீங்க பச்சையில குடிக்கறீங்க. எங்களுக்குச் சிவப்புல ஊத்தறீங்க."

"எனக்குச் சக்கரை இருக்கு அனிபால், தெரியாதா?"

"தெரியும். ஆனா இதைக் குடிச்சா நாக்கு தடிச்சுப் போகுது. என் மச்சான்கூட இவ்ளோ பக்குவமா வெச்சதில்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார். குடிக்கவும் செய்தார். குடிக்காவிட்டால் அறையும் இல்லை தோப்பும் இல்லை என்று அவருக்குத் தெரியும். அதை அவரிடம் சொன்னதும் நான்தான்.

அவர் சொன்னதை அப்படியே குறிப்பில் எழுதினேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை. மேலே மட்டும், 'சந்தேக நோய் முற்றுகிறது, இப்போது நர்ஸ் மீதும்' என்று சேர்த்தேன். கூட்டத்தில் படித்துக் காட்டினேன். பாவம் என்றார்கள். டாக்டர் அவருடைய வழக்கமான மாத்திரையைக் கூட்டினார், வீட்டுக்கு அனுப்புவதைத் தள்ளி வைத்தார். இரண்டு மருந்தும் ஓர் உடம்பில் சேர்கின்றன என்பது அந்த அறையில் ஒருவருக்குத்தான் தெரியும்.

நேற்று நீங்கள் என் காய்ச்சலைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், குளிர் உச்சத்தில் இருந்த ஜூலையில் ஒரு வாரம் படுத்துவிட்டேன். சுல்மா வீட்டிலிருந்து தன் பிளாஸ்க்கைக் கொண்டுவந்து, வெறும் சர்க்கரைத் தண்ணீரில் சுற்றை நடத்தியிருக்கிறாள். நடுவில் ஒரு நாள் அனிபாலுக்குப் பெரிய கொந்தளிப்பு, சுவரில் தலையை முட்டிக்கொண்டாராம். சுல்மா நாற்காலியைப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தவள், மத்தியானம் முழுக்க எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, லாரி ஓட்டிய ஊர்களின் பெயரையெல்லாம் வரிசையாகச் சொன்னாராம்.

போன் செய்து அழுதாள். "நிபியா, நீ சொன்னது அத்தனையும் நெசம்டி. பக்கத்துல சும்மா உக்காந்தாலே போதும்டி. ஒருத்தரையும் கட்டல, ஒருத்தரும் கைய ஓங்கல."

அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆராய்ச்சியில் ஒரே ஒரு வாரத்தை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வரக் கூடாது மேடம். பேராசிரியையைக் கேட்டால் அவரும் அதைத்தான் சொல்வார். தற்செயலாக இருந்திருக்கலாம். நாளைக்கே எவனாவது நாற்காலியைத் தூக்கினால்? பட்டைகள் பரணிலிருந்து இறங்கிவிடாதா? அந்த ஆபத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வேலைக்குத் திரும்பிய அன்றே சிவப்பு பிளாஸ்க்கை நிரப்பினேன். அந்த ஒரு வாரத்தில் அனிபால் தெளிவாகிவிட்டிருந்தார், கேள்வி மேல் கேள்வி கேட்டார். அதனால் அவருக்குக் கொஞ்சம் கூட்டினேன்.

ஒரு வியாழக்கிழமை மதியம், முற்றத்து வெயிலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மடியில் பாதி உரித்த மான்டரின். தூங்குகிறார் என்று எல்லோரும் விலகி நடந்தார்கள். நானும்தான். ஆனால் உயிர் போவதற்கு முன்னால் அவர் மூச்சு எப்படிப் போய்க்கொண்டிருந்தது என்பதை நான் நின்று பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் நடந்தேன். டாக்டரைக் கூப்பிட்டிருந்தால், என்ன கொடுத்தாய் என்று கேட்டிருப்பார்.

விஷயத்தைச் சுல்மாதான் கண்டுபிடித்தாள். துக்கம் தாங்காமல் அதே நாற்காலியில் உட்கார்ந்து, சிவப்பு பிளாஸ்க்கில் மிச்சமிருந்ததைக் குடித்திருக்கிறாள். மறுநாள்தான் கண் விழித்தாள். விழித்ததும் நேராக உங்களிடம் வந்து புகார் கொடுத்துவிட்டாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை, நல்ல நர்ஸ்.

எலிதாவை வாசலில் பார்த்தேன். "அவன் சொல்லிட்டே இருந்தானே. நாங்கதான் நம்பலையே" என்று அழுதாள். ஆறுதல் சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது வலித்தது, மறைக்கவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த வியாழக்கிழமை காலையில் நான் நாற்காலியை இழுத்துப் போட்டதும் அனிபால் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். மணிக்கட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார்.

"கட்டிடுங்க நர்ஸம்மா. பரண்ல பட்டை இருக்குல்ல, எடுத்துட்டு வந்து கட்டிடுங்க. கை கால் போனா போகட்டும். தலைய மட்டும் எங்கிட்ட விட்டுடுங்க. அக்கா ஞாயித்துக்கிழமை வரா. அவ வரும்போது நான் நானா இருக்கணும்."

உள்ளங்கையெல்லாம் மான்டரின் வாசனை. நான் அந்தக் கைகளை மெல்லப் பிடித்து அவர் மடியில் இறக்கி வைத்தேன். இங்கே அப்படியெல்லாம் செய்வதில்லை அனிபால், அந்தக் காலம் போய்விட்டது என்று சொன்னேன். பச்சையிலிருந்து ஊற்றி நான் முதலில் குடித்தேன். பிறகு சிவப்பிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்தபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

ஆமாம், அவரைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்குக் கீழேயே இதையும் எழுதிவிடுங்கள் மேடம். அந்த மனிதர் தானாகக் கையை நீட்டிக் கெஞ்சியும் நான் அவரைக் கட்டவில்லை.