ஓப்பல் தூக்கின கால்

கையப் பாக்காதீங்க தம்பி, காலப் பாருங்க. கித்தார் வச்சிருக்கே அந்த வாண்டு, ஓப்பல், அதோட கால. கை என்ன, இப்பத்தான் கத்துக்குது, விரல் நுனியெல்லாம் கொப்புளம். ஆனா இன்னிக்குப் பாட்ட நடத்தறது அதுதான். எங்க புளூகிராஸ் மலைப்பாட்டுல நடத்தறவங்க காலத் தூக்கினா அந்த வரியோட பாட்டு முடிஞ்சுது. எந்தக் கொம்பனும் நிறுத்தியாகணும்.

மைக்க மறைச்சுக்கிட்டு பாஞ்சோ வாசிக்கறானே தாடிக்காரன், எஸ்டில், ஓப்பலோட அப்பனப் பெத்தவன். இருக்கறது ஒரே மைக்கு. ஆளுக்கு ஒரு சுத்து வாசிச்சுட்டு விலகணும். இவன் விலக மாட்டான். நானும் இதே குழுவுல மாண்டலின் வாசிச்சவன்தான். ஒரு திருவிழாவுல என் சுத்தையும் சேத்து முழுங்கிட்டான். இறங்கி வந்துட்டேன். அவனா எடம் விடற வரைக்கும் மேடை ஏற மாட்டேன்னுட்டேன். அன்னிலேருந்து பேச்சில்ல. கென்டக்கி மலைக்காரங்க நாங்க, கோவத்த அவ்வளவு லேசுல எறக்கி வைக்க மாட்டோம்.

இதுவா? மாண்டலின் பெட்டிதான். வீட்லயே கெடந்தா புழுங்குமேன்னு காத்தாட எடுத்தாந்தேன். இதுல சிரிக்க என்ன இருக்கு?

இருங்க, அவன் சுத்து முடியப் போகுது. விலகறானா பாருங்க. ம்ஹூம், ரெண்டாவதுக்கு மூச்சு இழுக்கறான். புள்ள முழிக்குது. பெரியவங்க வாசிக்கறப்ப காலத் தூக்கினா வீட்ல யாரு வாங்கிக் கட்டிக்கறது? தூக்கும்மா... தூக்கிட்டா! எல்லாரும் நிறுத்தியாச்சு, இவன் மட்டும் ரெண்டு தட்டு தட்டிட்டு ஈ முழுங்கினவன் மாதிரி நிக்கறான்.

யாரு சொல்லிக் குடுத்ததா? எனக்கென்ன தெரியும். சர்ச் வாசல்ல ஒரு புள்ளைக்குப் ஆப்பிள் பூரணம் வச்சுப் பொரிச்ச பலகாரம் வாங்கிக் குடுத்தா, சும்மா ரெண்டு வார்த்த பேசத்தானே செய்வோம்.

மைக்குல என்னமோ சொல்லுதே. அடுத்த பாட்டுக்கு மாண்டலின் வேணுமாம். தாத்தா, மேல வாங்கன்னு... இத நான் சொல்லிக் குடுக்கலியே.

எஸ்டில் என்ன பண்றான்? அட, பின்னால போறான். இன்னும் கொஞ்சம். மைக்கு முன்னாடி ஒரு ஆளு நிக்க எடம் கெடக்கு தம்பி.

ஆமா, தாத்தான்னது என்னத்தான். அவன் மகன் எம் பொண்ணத்தானே கட்டியிருக்கான். சம்பந்தி சண்டைன்னா சும்மாவா?

இந்த நாற்காலியப் பாத்துக்குங்க, ரெண்டு சுத்து வாசிச்சுட்டு வந்துடறேன். காலத் தூக்குமா? தூக்கட்டுமே. நான் கண்ண மூடிக்கிட்டுல்ல வாசிப்பேன்.