புரட்டாசியில் ப்ரோக்கோலி

"எங்க வீட்டு ப்ரோக்கோலியில கொழுப்பு வடியுதுக்கா."

புரட்டாசி சனிக்கிழமை. கே.கே. நகரிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இதைச் சொன்னவள் இளையவள். மடியில் பெருமாளுக்குத் துளசி மாலை வைத்திருந்தாள்.

"அதுல ஏதுடி கொழுப்பு?" என்றாள் பெரியவள்.

"அதானே! பொண்ணுக்கு நல்ல இடம் அமையணும்னு, மாசம் பூரா கறி மீன் தொடமாட்டோம்னு நானும் எங்க வீட்டுக்காரரும் சேந்துதான் வேண்டிக்கிட்டோம். இப்ப மூணு நாளா, நான் வேலை விட்டு வர்றதுக்குள்ள ஏர் ஃப்ரையர்ல ப்ரோக்கோலி போட்டேங்கிறாரு. கழுவித் துணியில ஈரம் போகத் துடைக்கணுமாம், ஒண்ணு மேல ஒண்ணு படாம அடுக்கணுமாம், எனக்கே பாடம் எடுக்குறாரு. கூடைக்கு அடியில பாத்தா மஞ்சளா எண்ணெய் நிக்குது."

"எண்ணெய் ஜாஸ்தியா தடவியிருப்பாரு."

"நான் வாங்கி வெச்ச ஒரே ப்ரோக்கோலிப் பூ ஃப்ரிட்ஜுல அப்பிடியே முழுசா இருக்குக்கா."

மன்னார்புரத்தில் கூட்டம் ஏறியது. பெரியவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்ப கோழியா? அவரக் கேட்டியா?"

"எப்பிடிக் கேக்குறது? நேத்து எனக்கும் தட்டுல வெச்சுக் குடுத்தாரு. மொளகாத்தூள் போட்டு நல்லா மொறுமொறுன்னு இருந்துச்சு."

"வாயில போட்டதும் தெரியலையாடி?"

இளையவள் துளசி மாலையை முந்தானையால் மூடினாள்.

"தெரிஞ்சுதுக்கா. அதான் ரெண்டாவது துண்டும் எடுத்தேன்."