பச்சைத் துண்டு தொங்கிய கதவு

இங்கே தேநீர் நன்றாகவே இருக்கிறது, இன்ஸ்பெக்டரம்மா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். போட்டவரிடம் சொல்லிவிடாதீர்கள், பாவம், மனசு கஷ்டப்படும். நானும் ஒரு பிளாஸ்க்கில் பால் கொண்டுவந்தேன். வாசலில் இருந்த காவலர் வாங்கி மேசையில் வைத்திருக்கிறார். அது நீங்கள் பிடித்து வைத்திருக்கும் எங்கள் கட்டடத்துக் கண்டக்டருக்கு. இங்கே கொண்டுவந்த நாளிலிருந்து அவள் கண்ணே மூடவில்லை என்று கேள்விப்பட்டேன். "என் புள்ளய நானே கொன்னுட்டேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். கொஞ்சம் தூங்கினால் தெளிந்துவிடுவாள்.

கதவில் தொங்கிய பச்சைத் துண்டைப் பற்றித்தானே கேட்டீர்கள்? சொல்கிறேன். ஆனால் துண்டை மட்டும் தனியாகச் சொன்னால் தலையும் புரியாது வாலும் புரியாது.

எங்கள் கட்டடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் பிழைக்க வந்தவர்கள். ஒருத்தி பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தால் நாலு சுவர்தான் துணை. அம்மா எங்கோ தூரத்தில் இருப்பாள். மாமியார் போனிலேயே பிள்ளை வளர்ப்பாள். கணவன் மறுவாரமே வேலைக்குப் போய்விடுவான், திரும்பி வந்து, "நாள் முழுக்க வீட்லதான இருந்த?" என்று கேட்பான். நான் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிள்ளை பெற்றவர்களின் துணியைத்தான் ஆயுசு முழுக்கத் துவைத்தேன். அந்தத் துணிகளுக்குள் இருந்தவர்கள் வீட்டுக்குப் போய் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

எனக்கும் ஒரு மகன் இருந்தான். பல நாள் தூக்கமில்லாமல் கிடந்து, ஒரு மத்தியானம் பால் கொடுத்தபடியே அசந்துவிட்டேன். விழித்தபோது அவன் என் உடம்புக்கு அடியில் இருந்தான். கணவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான். களைப்புதான் என் பிள்ளையைக் கொன்றது. களைத்த தாயைப் போல ஆபத்தானது ஒன்றும் இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று.

அதனால்தான் எங்கள் கட்டடத்தில் ஒரு முறையை ஆரம்பித்தேன். பிள்ளை பெற்றவளுக்கு ஒருத்தி சமைத்துக் கொடுக்க வேண்டும். ஒருத்தி துணி துவைக்க வேண்டும். ஒருத்தி குழந்தையை வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தாய் தன் புருஷனைப் பற்றிச் சொல்லும் குறையை எல்லாம் "உம்" கொட்டிக் கேட்க வேண்டும். அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் அந்தத் தாய் அடுத்தவளுக்கு இதையெல்லாம் செய்ய வேண்டும். எல்லோரும் என்னைப் பெரியக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

துண்டு என் யோசனை. ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட பச்சைத் துண்டுகளைக் கொதிக்க வைத்து அலசி, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். கதவின் கைப்பிடியில் அது தொங்கினால் உள்ளே தாய் தூங்குகிறாள் என்று அர்த்தம். யாரும் தட்டக் கூடாது, மணி அடிக்கக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கட்டிய கணவனுக்கும் அதே சட்டம்தான். காய்கறிப் பையோடு மாடிப்படியில் உட்கார்ந்து சாமியார் மாதிரி காத்திருந்த கணவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். துண்டைத் தாய் மட்டும்தான் மாட்ட வேண்டும் என்பது விதி. அந்த விதியையும் நான்தான் வைத்தேன்.

சாயங்காலம் ஒவ்வொரு வீட்டுக்கும் நானே பால் கொண்டுபோவேன். வெதுவெதுப்பாக, சர்க்கரை தாராளமாகப் போட்டு. குடித்தவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். அவர்களிடம் பால் குடித்த குழந்தைகளும் தூங்கின. வெளியாட்கள் வந்தால் ஆச்சரியப்படுவார்கள்: "இத்தன கைக்குழந்தைங்க இருக்குன்னு சொல்றீங்க, ஒரு சத்தத்தயும் காணோமே?" பக்கத்துக் கட்டடங்களிலிருந்து பெண்கள் வந்து எங்கள் முறையைக் கேட்டுக்கொண்டு போனார்கள். எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன், பாலைத் தவிர.

குழந்தைகளை எடை பார்க்க வரும் நர்ஸ் மட்டும் உதட்டைப் பிதுக்குவாள். "எடை ஏற மாட்டேங்குதே. எழுப்பி எழுப்பிப் பால் குடுங்கம்மா" என்பாள். சாதுவான குழந்தைகள், வேறொன்றும் இல்லை என்று நான் சொல்வேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். அவளுக்கும் பார்க்க வேண்டிய கட்டடங்கள் நிறைய.

கண்டக்டர் நாலாவது மாடிக்குக் குடிவந்தபோது நிறைமாதம். பஸ்ஸில் கத்திக் கத்தித் தடித்துப்போன குரல். கணவன் லாரி ஓட்டுகிறவன், போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. மகள் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று நாங்கள் எல்லோரும் போனோம். வாசலில் தயங்கி நின்றவர்களைப் பார்த்து, "படியில நிக்காதீங்க, உள்ள எடம் இருக்கு, முன்னாடி போங்க" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. அவளை எனக்குப் பிடிக்கும், இன்ஸ்பெக்டரம்மா. இப்போதும் பிடிக்கும்.

ஆனால் அவள் குழந்தை அழுதது. பசித்தால் அழுதது, நனைந்தால் அழுதது, சும்மாவும் அழுதது. சமைத்துக் கொடுத்ததைச் சாப்பிட்டாள், துவைத்துக் கொடுத்ததை உடுத்தினாள். துண்டை மட்டும் ஒருநாளும் கதவில் மாட்டவில்லை. குழந்தையின் வாயைத் துடைக்க வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு யாராவது வந்து கதவத் தட்டிக்கிட்டே இருக்கணும் பெரியக்கா. தட்டலன்னா பயமா இருக்கு" என்றாள்.

அது என் மனசில் முள்ளாகத் தைத்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஒருநாள் பால் பாத்திரத்தைத் திரும்ப வாங்கப் போனபோது அவள் என்னை உட்காரச் சொன்னாள்.

"தப்பா நெனைக்காதீங்க. சின்ன வயசுலேந்து எனக்குப் பால் புடிக்காது. உங்க மனசு நோகுமேன்னு வாங்கி வாங்கித் தொட்டியில ஊத்திடுவேன்."

"அதுக்கென்ன, பரவாயில்ல."

"அது இல்லக்கா. அழுத புள்ளதான் பால் குடிக்கும்பாங்க. என்னோடது அழுவுது, குடிக்குது, குண்டாயிட்டே போவுது. மத்ததுங்க அழறதும் இல்ல, குடிக்கிறதும் இல்ல. நேத்து கீழ்வீட்டுக் குழந்தையக் கிள்ளியே பாத்துட்டேன். கண்ணத் தொறக்கல." என் பக்கம் திரும்பினாள். "பால்ல என்னக்கா போடுறீங்க?"

"சர்க்கரை" என்றேன்.

"நாளைக்கு நர்ஸ் வரும்போது அந்தப் பால அவங்க கையில குடுக்கப் போறேன். சர்க்கரைதான்னா உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்குறேன்."

நியாயமாகப் பேசினாள். கோபமே இல்லை. நானும் கோபப்படவில்லை. ஒரு குடம் பாலைக் கெடுக்க ஒரு துளி விஷம் போதும். எங்கள் கட்டடத்தில் அந்தத் துளி அவளுடைய சந்தேகம். அவள் வாயைத் திறந்தால் இத்தனை பெண்களும் மறுபடி தனியாகிவிடுவார்கள். தூங்காமல், களைத்துப்போய், பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு. அதை நான் எப்படி அனுமதிக்க முடியும்?

சரி, உன் இஷ்டம் என்றேன். முதலில் ஒரு வாய் தேநீர் குடிப்போம் என்றேன். அவளுக்கு நிம்மதியாகிவிட்டது. தேநீரை அவளே போட்டாள். சர்க்கரையை நான் கலக்கினேன்.

எனக்கென்று டாக்டர் எழுதிக் கொடுக்கும் தூக்க மாத்திரையைப் பொடித்து எப்போதும் முந்தானையில் முடிந்து வைத்திருப்பேன். மற்றவர்களுக்குப் பாலில் ஒரு சிட்டிகைதான் போடுவேன். அன்று முடிச்சில் இருந்த எல்லாவற்றையும் போட்டேன். அவள் குடித்துவிட்டு, "சர்க்கரை ஜாஸ்திக்கா" என்று சிரித்தாள். சிறிது நேரத்தில் பேச்சு குழறியது. கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தேன். குழந்தை தொட்டிலில் விழித்துக்கொண்டு கிடந்தது. அதை எடுத்து அவள் பக்கத்தில், கைக்குள் விட்டேன். குழந்தை தாயை ஒட்டி இருப்பதுதானே நல்லது? அவளைக் கொஞ்சம் அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். குழந்தையின் வாயைத் துடைக்கிற அந்தப் பச்சைத் துண்டு நாற்காலியில் கிடந்தது. எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்தி, கைப்பிடியில் அதை மாட்டினேன்.

தான் துண்டை மாட்டவில்லை என்று அவள் சொல்வது உண்மைதான். களைத்தவள், மறந்திருப்பாள் என்று நீங்கள் நினைத்தீர்கள்.

பிறகு குழந்தை அழுதது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். கதவு வரை போனாள், துண்டைப் பார்த்தாள், திரும்பிவிட்டாள். கீழ்வீட்டுப் பெண்ணும் படியேறி வந்து, பார்த்துவிட்டு இறங்கினாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அழுகை நின்றதும், "அப்பாடா, இன்னிக்கித்தான் அதுக்கும் தூக்கம் வந்திருக்கு" என்று தையல்காரம்மா என்னிடம் சொன்னாள். எவ்வளவு நல்ல பெண்கள். விதியை ஒருத்திகூட மீறவில்லை.

அவள் விழித்து அலறியபோதுதான் எல்லோரும் உள்ளே ஓடினோம், உங்கள் ஆட்களும் வந்தார்கள். அன்று சாயங்காலம் வழக்கம்போலப் பால் கொண்டுபோனேன். உதவியை உதறினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அழுதுகொண்டே குடித்தார்கள். எந்த டம்ளரிலும் மிச்சம் இல்லை.

இப்படி ஆகும் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். என் மகனைப் பற்றி நான் சொன்னதில் ஒன்று குறைகிறது. அன்று நான் களைப்பில் மட்டும் தூங்கவில்லை. தூங்கியே ஆக வேண்டும் என்று மாத்திரை போட்டுக்கொண்டு அவனை மடியில் எடுத்தேன். அவன் அழுதிருக்கிறான். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து கதவை உடைக்காத குறையாகத் தட்டியிருக்கிறார்கள். "எவ்வளவு தட்டினோம், நீ எழுந்திரிக்கலயே" என்று ஊரே சொன்னது. அந்தப் பேச்சை என்னால் தாங்கவே முடியவில்லை. என் கட்டடத்தில் எந்தத் தாயும் அந்தப் பேச்சைக் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தேன். யாருமே தட்டாவிட்டால் யாரும் அப்படிச் சொல்ல முடியாது அல்லவா?

கண்டக்டரை விட்டுவிடுங்கள். அவள் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பிள்ளையில்லாத வீட்டுக்குத் திரும்பிப் போவது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். அங்கே அவளைத் தனியாக விழித்திருக்க விட எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் பால் கொண்டுவந்தேன். உங்கள் காவலர் பசிக்கிறது என்று அதைத் திறந்துவிடப் போகிறார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அது அவளுக்கு மட்டும். அவளுக்குப் பால் பிடிக்காது என்பதால் சர்க்கரையை நிறையவே போட்டிருக்கிறேன்.