கடல் பறவைக்கு மாலை போட்ட ஊர்

கரும்புக்கு விலை கேட்டுக் கேட்டுக் குரல் கம்மிப் போனாலும் கொள்கை கம்மிப் போகாத கரும்பு விவசாயிகள் சங்கத் தலைவர், இவ்விழாவின் தலைவர், ஐயா கொளஞ்சியப்பன் அவர்களே, முன்வரிசையில் தோளில் துண்டும் முகத்தில் கண்டிப்புமாக வீற்றிருக்கும் பெரியோர்களே, பொங்கல் பானை கழுவிய கை ஈரம் காயுமுன்னே வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, கச்சிராயபாளையத்துக் கழனிகளின் காளையரே, கல்வராயன் மலைக்குக் கடைசிப் பஸ் போய்விடுமோ என்று கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருக்கும் உறவுகளே, ஒலிபெருக்கித் தம்பி ஜெயப்பிரகாஷே, எக்கோவைக் கொஞ்சம் குறைப்பா, நான் பேசுவது எனக்கே இரண்டு முறை கேட்கிறது. அனைவருக்கும் இந்தத் தமிழழகனின் தலை தாழ்ந்த வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘உழவின் பெருமை’. ஐயா, மன்னிக்க வேண்டும். இன்று அதைப் பேச எனக்கு வாய் வரவில்லை. நெஞ்சில் ஓர் அதிர்ச்சி நெருஞ்சி முள்ளாய்த் தைத்திருக்கிறது. அதைப் பிடுங்கி உங்கள் முன்னால் போட்டால்தான் எனக்கு மூச்சு வரும். நான் பேசப்போவது ஒரு பறவையைப் பற்றி.

சிரிக்கிறீர்கள். பிராய்லர் கறிக்கடைக்காரன் பறவையைப் பற்றிப் பேசுகிறானே என்றுதானே? சிரியுங்கள், எனக்கும் சிரிப்புத்தான் வரும். விடிந்தால் கத்தி, விழித்தால் கோழி. பறவை சாவதைப் பார்த்துப் பார்த்துப் பழுத்த கண் இது. அந்தக் கண்ணே கலங்கிவிட்டது என்றால், என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

போன ஐப்பசியில் ஒரு காற்று அடித்ததே, நினைவிருக்கிறதா? தகரம் பறந்தது, தென்னை சாய்ந்தது. மறுநாள் கரும்புத் தோட்டத்தில் தோகை உரிக்கப் போன தைலம்மாள், வரப்போரம் ஒரு பறவை கிடப்பதைக் கண்டார். முதுகு கரி, வயிறு வெள்ளை, வால் கத்தரிக்கோல். கொக்கும் இல்லை, நாரையும் இல்லை. நம் ஊரில் யாரும் பார்த்திராத உருவம். அதை முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். கஞ்சி வைத்தார், குடிக்கவில்லை. கம்பு வைத்தார், கொத்தவில்லை. சந்தையில் மீன் வாங்கி, துண்டு துண்டாக நறுக்கி, வாயைத் திறந்து ஊட்டினார். விழுங்கியது. கூலி வேலைக்குப் போகிற தாய், தன் குழம்பில் போட வேண்டிய மீனை முன்பின் தெரியாத பறவைக்குப் போட்டார். அந்தத் தாய் இதோ, இந்தக் கூட்டத்தில், கடைசியில், கம்பத்துக்குப் பின்னால் நிற்கிறார். ஏன் பின்னால் நிற்கிறார்? சொல்கிறேன்.

செய்தி பரவியது. மீன் தின்கிற பறவை, ஆகவே தண்ணீர்ப் பறவை. தண்ணீர்ப் பறவையைத் தண்ணீரில் விட்டால் பிழைத்துக்கொள்ளும். சரிதானே? நானும் நீங்களும் அப்படித்தானே நினைப்போம்? அந்த வாரம் கோமுகி அணையில் பாசன மதகு திறப்பு. மலரும் நெல்லும் தூவித் தண்ணீரை வணங்கி அனுப்புவது நம் வழக்கம். ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள்: மலரோடு பறவையையும் விடுவோம், மங்களமாக இருக்கும்.

விட்டோமே, எப்படி விட்டோம்! தாம்பாளத்தில் வைத்து, நெற்றியில் குங்குமம் இட்டு, கழுத்தில் சாமந்திச் சரம் சுற்றி, மேளம் முழங்க, குலவை ஒலிக்க விட்டோம். உலகத்தில் எந்த ஊராவது ஒரு பறவைக்கு இத்தனை மரியாதை செய்திருக்குமா? தைலம்மாள் அன்று ஊருக்கு முன்னால் நின்றார், முகமெல்லாம் பூரிப்பு. பறவை தண்ணீரில் இறங்கியது. இறக்கையை அடித்தது. கூட்டம் கைதட்டியது. “முங்கிக் குளிக்குது பாருடா” என்றார் ஒருவர். குளிக்கவில்லை, ஐயா. இறகு நனைந்தது, நனைந்தது ஊறியது, ஊறியது கனத்தது. மேளம் நிற்கவே இல்லை. மதகு இழுத்த இழுப்பில், சாமந்திச் சரத்தோடு அது உள்ளே போய்விட்டது.

பிறகு வந்தது கார்த்திகை வெள்ளம். ஆளுயரக் கரும்பு பாயாகப் படுத்தது. அடுப்புக்குள் தண்ணீர், ஆட்டுக்கொட்டகைக்குள் தண்ணீர். அப்போது ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார் என்று கேட்கமாட்டேன், எல்லார் வாயிலும் இருந்தது. “அந்தப் பொம்பள கொண்டாந்த பறவ அணையில செத்துச்சு, அந்தத் தோசம்தான் ஊரையே அட்சிக்கினு போச்சு.” அன்று முதல் தைலம்மாளைக் கரும்பு வெட்டுக்குக் கூப்பிடுவதில்லை. வெட்டு ஆட்களைச் சேர்க்கும் மேஸ்திரி சின்னதுரை நல்லவர். ஆனால் கூட வெட்டுகிறவர்கள் “அவ வந்தா நாங்க வர்ல” என்றால் அவர்தான் என்ன செய்வார்? அறுவடைக் காலத்தில் அரிவாளைச் செருகி வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் ஒரு தாய். இதுதான் முதல் அதிர்ச்சி. இன்னும் பெரிதாக ஒன்று இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டு டீக்கடை இளவரசன் மகள் அபிநயாவைத் தெரியுமல்லவா? கடல் பறவைகளைப் பற்றிப் படிக்கிறாள். பொங்கலுக்கு வந்தவளுக்கு யாரோ அந்த மதகுத் திறப்பு வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். நேராக என் கடைக்கு வந்தாள்.

“மாமா, இத்த யாரு தண்ணியில வுட்டது?”

“ஊரே சேந்துதான் வுட்டுச்சு. ஏம்மா?”

“இது ஆலா, மாமா. கடல் பறவதான். ஆனா தண்ணியில ஒக்காராது. எறகுல எண்ணெப் பச கம்மி, ஒக்காந்தா ஊறிப்பூடும். வருசக்கணக்கா பறந்துக்கினே இருக்கும். முட்ட வைக்க மட்டும்தான் தரைக்கு வரும்.”

என் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கடலில் பிறந்து, கடலில் வாழ்ந்து, கடலில் உட்காரத் தெரியாத ஒரு பறவையா? கேள்விப்பட்டிருக்கிறீர்களா, ஐயா? நான் கேள்விப்பட்டதில்லை.

“அப்போ நம்ம ஊருக்கு இன்னாத்துக்கு வந்துச்சு?” என்றேன்.

“காத்து தள்ளிக்கினு வந்துருக்கும். ஆனா வீடியோவுல பாரு மாமா, நெஞ்செலும்பு தெரியுது. காத்துக்கு முன்னாலயே பட்டினி.”

அவள் இந்த ஆண்டு நடுக்கடலில் ஒரு மணல் திட்டில் தங்கியிருந்தாளாம். பெயர் கேட்காதீர்கள், சொன்னால் நாளைக்கே வேன் பிடித்துவிடுவீர்கள். அங்கே ஆலாக்கள் முட்டையிடுகின்றன. சோடிக்கு ஒரே ஒரு முட்டை. தாய் அடைகாத்தால் தகப்பன் இரை தேடும், தகப்பன் அமர்ந்தால் தாய் பறக்கும். தண்ணீருக்குள் பெரிய மீன் துரத்த, சின்ன மீன் மேலே துள்ள, துள்ளியதை இது கவ்வ வேண்டும். முங்கி எடுக்க முடியாது. மேலே வந்தால் சோறு, வராவிட்டால் பட்டினி.

கடல் ஒரு வருடம் சூடாகும், ஒரு வருடம் குளிரும். அது காலங்காலமாக உண்டு. மேல் தண்ணீர் சூடேறிய வருடத்தில், அடியிலிருக்கும் சத்து மேலே ஏறுவதில்லை. மீன் ஆழத்துக்குப் போகும், அல்லது தூரத்துக்குப் போகும். பறவையும் தூரம் போகும், இன்னும் தூரம் போகும். குஞ்சு வாயைத் திறந்துகொண்டு மணலில் காத்திருக்கும்.

அபிநயா சொன்னதை அப்படியே சொல்கிறேன். “மொதல்ல போனப்ப குஞ்சுங்க சத்தம் காதக் கிழிச்சிது மாமா. தூங்கவே முடியல, எரிச்சலா இருந்துச்சு. அப்புறம் சத்தம் கம்மியாச்சு. அப்புறம் ஒரு நாளு நான் நல்லாத் தூங்கினேன். எழுந்ததும் பக்குன்னுச்சு.”

தாய்மார்களே, கேட்டீர்களா? தூங்க முடிந்துவிட்டதே என்று திடுக்கிட்டு எழுந்திருக்கிறாள் அந்தப் பெண்.

“தாய் இன்னா செஞ்சுது?” என்று கேட்டேன். கூட்டை விட்டுப் போய்விடுமாம். ஈரமற்ற நெஞ்சால் அல்ல. தானும் செத்தால் அடுத்த வருடம் முட்டையிட ஆள் ஏது? ஒரு கெட்ட வருடம் வந்தால் தாங்கும். ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால்? சூடான வருடங்கள் இப்போது நெருங்கி நெருங்கி வருகின்றன என்கிறாள். பிள்ளையை உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, கல்வராயன் மலையிலிருந்து கேரளாவுக்குக் கூலிக்குப் பஸ் ஏறும் தாய், சன்னல் வழியே திரும்பிப் பார்ப்பாளா? பார்த்தால் போக முடியுமா?

இப்போது கேட்கிறேன். கடல் சூடானால் ஆலாவின் குஞ்சுக்குச் சோறில்லை. கடல் சூடானால் மேகம் கனக்கிறது, மழை மூர்க்கமாகிறது, நம் கரும்பு படுக்கிறது. பறவையை வீழ்த்தியது எது? கடல். பயிரை வீழ்த்தியது எது? கடல். கடலைச் சூடாக்கியது யார்? தைலம்மாளா? அரிவாளும் அரை வயிறுமாக வாழ்கிற அந்தத் தாயா? அவர் வீட்டில் ஓடுவது ஒரு மின்விசிறி, ஐயா, அதுவும் கரண்டு இருந்தால்.

நமக்கு முன்னால் அடிபட்டு நம் வரப்பில் வந்து விழுந்தது அந்தப் பறவை. விழுந்ததைத் தூக்கியவரைத் தோஷம் என்றோம். வெட்கமாக இல்லையா? எனக்கு வெட்கமாக இருக்கிறது. தலைவர் ஐயாவும் தலையைக் குனிந்துகொண்டார், பாருங்கள்.

யாரது பேசுவது? தைலம்மாளா? முன்னால் வாங்க அம்மா. ஜெயப்பிரகாஷ், மைக்கை அவர்களிடம் கொடு. கூச்சப்படாதீர்கள், வேலையைப் பற்றித்தானே, தாராளமாகக் கேளுங்கள்.

“வேலையப் பத்தி இல்லிங்க. அந்தப் பறவைக்குக் குஞ்சு இருந்துச்சுங்களா?”



பெரியோர்களே, எத்தனையோ மேடையில் ஏறியவன் நான், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. தெரியாது அம்மா. அபிநயாவைக் கேட்டேன், அவளுக்கும் தெரியாது. இருந்திருக்கலாம். இருந்திருந்தால், இப்போது இருக்காது.

அழாதீர்கள் அம்மா. யாராவது அவர்களுக்கு நாற்காலி போடுங்கள். அங்கே எழுந்து நிற்பது மேஸ்திரிதானே? சொல்லுங்க சின்னதுரை.

“நாளிக்கு அணக்கட்டுப் பக்கம் வெட்டு இருக்குக்கா. வெடிய்யக் காத்தால வந்துடு. எவன் வர்லன்னாலும் நீயும் நானும் வெட்டலாம்.”

இதற்குமேல் நான் பேசினால் அது அதிகப்பிரசங்கம். கறிக்கடைக்காரன் சொல்லையும் காது கொடுத்துக் கேட்ட தலைவர் ஐயாவுக்கும், தாய்மார்களுக்கும், கல்வராயன் மலை உறவுகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பஸ்ஸுக்கு நேரமாகிறது, பத்திரமாகப் போய்ச் சேருங்கள். அனைவருக்கும் பொங்கல் வாழ்த்து, வணக்கம்.