பன்னிரண்டு இலக்கமும் ஓர் எட்டும்

அவையை அணிசெய்யும் தலைவர் சிவநேசன் அவர்களே, சுங்கை பஞ்சாங்கிலிருந்து வயல்வேலையை விட்டுவிட்டு வந்த அன்புப் பெரியோர்களே, புஞ்சாக் ஆலாம் மண்டபத்தில் மின்விசிறிக்கு அடியிலேயே இடம்பிடித்த மதிநுட்பத் தாய்மார்களே, முதல் வரிசையில் வீற்றிருக்கும், என்னை மருமகளாக்க மறுத்த மாண்புமிகு புஷ்பா அம்மையார் அவர்களே! கலாவதியின் கனிவான வணக்கம்.

சிரிக்காதீர்கள். அவர் பக்கத்தில் தலை குனிந்திருக்கும் குகனைத்தான் நான் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

'ஒரு பெரிய எண்ணின் பண்புகள்' என்று தலைப்புத் தந்தார்கள். கணித ஆசிரியை நான், எந்த எண்ணை எடுப்பேன்? என் அடையாளக் கார்டு எண்ணைத்தான்! பன்னிரண்டு இலக்கம். தொண்ணூற்றைந்தாயிரம் கோடிக்கும் மேலே! பெண் பார்க்க வந்தபோது அம்மையார் கேட்டது இதைத்தான். இலக்கங்களைக் கூட்டினார். வந்ததை மறுபடி கூட்டினார். எட்டு!

"எட்டு சனியோட நம்பர் லா! நம்ம வீட்டுக்கு ஆவாது" என்று எழுந்தார். கேசரி ஆறிப்போனது. நான் அழுதேன் ஐயா, மறைக்கவில்லை. அழுது முடித்து ஆராய்ந்தேன்.

என் எண் இரட்டை எண். இந்நாட்டு விதிப்படி பெண்களின் கார்டு எண்ணெல்லாம் இரட்டையில்தான் முடியும். எங்களில் ஒருத்தியின் எண்கூடப் பகா எண் ஆகாது; பாதியாகப் பங்கிட எப்போதும் வரும்! ஆண்களின் எண்ணோ ஒற்றை. பாதி கேட்டுப் பாருங்கள், கிடைக்காது! யாரது, "உண்மை லா டீச்சர்" என்பது? விமலா அக்காவா? வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளுங்கள்.

அந்த எட்டுக்கு வருகிறேன். பத்து என்பது ஒன்பதும் ஒன்றும். நூறு என்பது தொண்ணூற்றொன்பதும் ஒன்றும். ஒன்பதுகளைத் தள்ளினால் மிஞ்சுவது இலக்கங்களின் கூட்டல்தான். ஆக, எட்டு என்பது சனியா? சாபமா? ஒன்பதால் வகுத்தால் வரும் மீதி! ஒரு மீதிக்காக மாலையை மறுக்கலாமா? மஞ்சள் கயிற்றை மறுக்கலாமா? ஒன்பதால் வகுத்தால் ஒன்பது விதமாகத்தான் மீதி நிற்கும். அப்படியானால் ஒன்பது பேரில் ஏறக்குறைய ஒருவர் எட்டு! எடுங்கள் கார்டை! கூட்டுங்கள் எண்ணை! எட்டு வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்!

லோரி ஓட்டும் சுகுமாரன், வருக. பேரன் பேத்தி எடுத்த காளியண்ணன் மாமா, வாழ்க. தலைவரே, நீங்களுமா? ஆக மொத்தம் பதினாறு பேர்.

அம்மையாரே, ஏன் விரல்விட்டு மறுபடி மறுபடி எண்ணுகிறீர்கள்? மகன் எண்ணைக் கூட்டினீர்கள், என் எண்ணைக் கூட்டினீர்கள், மகன் ஓட்டும் புதுக் காடியின் எண்ணைக்கூடக் கூட்டினீர்கள். சொந்த எண்ணைக் கூட்டியதே இல்லையா? குகன், நீ உதவாதே. ஒலிவாங்கியை அம்மாவிடம் கொடு.

"எட்டுதான்டி. இந்த நம்பரோடதான் முப்பத்தஞ்சு வருசமா அவங்கப்பாவோட நல்லா இருக்கேன். தை மாசம் வெச்சுக்கலாம். அந்த கேசரிய மட்டும் மறுபடி செஞ்சிரு, அன்னிக்கு வாயில வெக்காம வந்துட்டேன்."

பதினேழாவது ஆளாக எழுந்து நிற்கிறார், பாருங்கள். பதினேழையும் கூட்டிப் பாருங்கள்!

எழுதி வந்த உரையில் இன்னும் ஆறு பக்கம் இருக்கிறது, இனி அது எதற்கு? பொறுத்தருளிய தலைவருக்கும், கூட்டிக் களைத்த உங்கள் விரல்களுக்கும் நன்றி. எட்டுகள் எல்லோரும் அமரலாம்.

அத்தை, உங்களுக்கு என் வணக்கம்.